பதினேழாம் வீட்டுச் சாமான் அறை

3 ஆகஸ்ட் 1998

முதல் வீட்டிலேயே செருப்பு பறந்தது. என் மேல் படவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மாரிக்கண்ணுவின் காதில் பட்டது. எறிந்தவர் வீட்டுக்காரர்தான்.

"நீங்க அளக்குறதுன்னா அளங்கம்மா. அவன் எதுக்கு நிலைப்படி தாண்டி வாரான்?"

மாரிக்கண்ணு காதைத் தடவினார். செருப்பை எடுத்துப்போய் அதன் ஜோடியோடு சேர்த்து வாசலில் வைத்தார். பிறகு தெருவிலேயே நின்றுகொண்டார். அவர் கீழக்குடியில் தையல்கடை வைத்திருப்பவர். "டேப்பு பிடிக்க எனக்குச் சொல்லித் தரணுமா டீச்சர்?" என்று தானாக வந்து சேர்ந்தவர். இனி அவர் தெருவில் முகப்பை மட்டும் அளப்பார். உள்ளே அந்தந்த வீட்டுப் பெண்கள் யாராவது எனக்கு டேப் பிடித்துத் தர வேண்டும்.

அழகிரிக்கோட்டையில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இன்று முடிந்தது இரண்டு. ஒன்றில் செருப்பு, ஒன்றில் மோர்.

என் ஆய்வுக் கைடு சொன்னபடி இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். பச்சை நோட்டில் அளவுகள், அது பல்கலைக்கழகத்துக்கு. இந்தச் சிவப்பு நோட்டு என் கோபதாபங்களுக்கு.

8 ஆகஸ்ட்

லாட்ஜுக்குக் கீழே கறிக்கடை. கத்தி கட்டையில் விழும் சத்தத்தில்தான் தினமும் கண் விழிக்கிறேன். பஸ் நிலையத்தில் இன்று ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துவிட்டான், சீட்டுக்கு. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மாரிக்கண்ணு கேட்டார்: "ஒவ்வொரு வீடா எதுக்கு டீச்சர் அளக்கணும்? ஏரோப்பிளேன்ல போயி மேல இருந்து ஒரு போட்டோ புடிச்சாப் போதாதா?"

மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும் என்றேன். ரோமில் நான் ஸ்காலர்ஷிப்பில் படித்த இரண்டு வருடமும் என் பேராசிரியர் தன் ஆசிரியரைப் பற்றிப் பேசாத நாளில்லை. அந்தப் பெரியவர் கட்டிடக் கலைஞர், ஐம்பதுகளில் வெனிஸ் நகரத்தை வீடு வீடாகப் படித்தவர். கோபுரத்தையும் அரண்மனையையும் விடு, சாதாரண வீடுகளின் தரைத்தளத்தை எல்லாம் ஒரே தாளில் ஒன்றோடொன்று சேர்த்து வரை, அதற்கு அடியில் இருக்கும் பழைய ஊர் தானாக எழுந்து வரும் என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர்களே அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கினார்களாம். ஆனால் இன்று நகரத்தின் வடிவத்தைப் படிக்கிறவர்களில் பலர் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். அழகிரிக்கோட்டையில் நானும்.

"தரைத்தளம்னா?"

"ஊரை இடுப்பு உயரத்துல கிடைமட்டமா அறுத்து, மேல் பாதியைத் தூக்கிட்டு உள்ளே பார்க்கிறது."

அவர் டேப்பைச் சுருட்டினார். "எங்க ஊருக்குத் தோதான படிப்புத்தான்."

15 ஆகஸ்ட்

கொடி, மிட்டாய். லீவு. ட்ரேசிங் தாளில் மை சிந்திவிட்டது. பிளேடால் சுரண்டி எடுத்தேன். சுரண்டிய இடத்தில் மறுபடி எழுதினால் மை பரவும், கைவைக்கக் கூடாது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் நூறு தடவை சொன்னது. என் எழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

22 ஆகஸ்ட்

தேரடித் தெரு வட வரிசை, பதினேழாம் எண். இந்த ஊரில் முதன்முறையாக ஒரு வீட்டில் சிரித்தேன்.

ராக்கம்மாளுக்கு முப்பது வயது இருக்காது. புருஷன் மலேசியாவில். வீட்டை ஆள்வது கொழுந்தன் வீரணன், தெருச் சங்கத்தின் செயலாளர். அவர் வெளியூர் போயிருந்தார். அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஓடினாள். கேள்வி மேல் கேள்வி. ரோமில் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவார்களா, அங்கே புளி கிடைக்குமா. இடது கன்னத்தில் நான்கு விரல் தடம் இருந்தது. "இதா, கொசு அடிச்சேன்க்கா," என்றாள்.

வீட்டின் கடைசி அறை சாமான் அறை. ஜன்னல் கிடையாது. வடக்குச் சுவர் பழைய கோட்டை மதில். சுவரோடு டேப்பை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"இந்த ரூமு எங்க வீட்டுது இல்லக்கா."

"பின்ன?"

"பாதை. எங்க மாமியா சாகுறதுக்கு முந்திச் சொன்னாக. கீழக்குடிக்காரவுக பாடையத் தூக்கிக்கிட்டு இந்தச் சந்து வழியாத்தான் சுடுகாட்டுக்குப் போவாகளாம். ஒரு வருசம் தேர் அன்னைக்குப் பொணம் வந்துருச்சு. அதுக்குப் பெறகு இந்த வரிசை பதினோரு வீடும் பேசி வச்சு, அவுகவுக பின்னாடி இருந்த துண்டை அடைச்சு ரூமாக்கிட்டாக. தடுக்க வந்த ரெண்டு பேரைக் கெணத்துல போட்டாகளாம்."

அரிசி டிரம்மை அவளே உருட்டி நகர்த்தினாள். அடியில் சிமெண்ட் இல்லை, தெருவில் பாவும் கற்கள். நடுவில் மட்டும் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. அறையின் அகலம் ஒன்பது அடி இரண்டு அங்குலம்.

என் அட்டவணையில் வீட்டு எண், அகலம், சுவர்க் கனம் ஆகியவற்றுக்குப் பிறகு 'சொன்னவர்' என்று ஒரு பத்தி உண்டு. இத்தாலிய முறையில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எம் பேரையும் எழுதுவீகளா?"

"எழுதவா?"

"எழுதுங்கக்கா. ரேஷன் கார்டைத் தவிர எங்கயும் எம் பேரு இல்ல."

எழுதினேன். என் கண்ணெதிரே அவள் அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள்.

6 செப்டம்பர்

எழுதியே ஆக வேண்டும்.

வட வரிசையின் பதினோரு வீடுகளையும் இன்று ஒரே தாளில் சேர்த்தேன், ஓரத்தில் பெயர்களோடு அட்டவணையும். பதினோரு வீட்டுக்கும் வேறு வேறு வயது, வேறு வேறு அகலம். ஆனால் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே நேர்க்கோட்டில் இரண்டடிக் கனத்தில் ஒரு சுவர் ஓடுகிறது. வீட்டின் நடுவில் யாரும் இரண்டடிச் சுவர் வைப்பதில்லை. அது ஒரு காலத்தில் புறச்சுவர். அதற்கும் கோட்டை மதிலுக்கும் நடுவே பதினோரு அறைகள், எல்லாம் ஒன்பது அடி இரண்டு அங்குலம். அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் மட்டும் மெலிசு, சிமெண்ட் வைத்துக் கட்டியவை. அந்தப் பத்துச் சுவரையும் விரலால் மறைத்தேன். தாளில் ஒரு தெரு படுத்திருந்தது!

யாரும் எதுவும் சொல்லியிருக்கத் தேவையில்லை. சுவர்களே சொல்லுகின்றன. பெரியவர் இருந்திருந்தால் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார்.

7 செப்டம்பர்

மாரிக்கண்ணுவிடம் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீழக்குடியில் யார் செத்தாலும் மூன்று மைல் சுற்றி, வாய்க்கால் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். போன ஐப்பசியில் அவர் அம்மாவைத் தூக்கிப் போனபோது நெஞ்சளவு தண்ணீர். முன்னால் போனவர் வழுக்கினார். பாடை சாய்ந்து அம்மா தண்ணீரில் போய்விட்டார். ஒன்றரை நாள் கழித்து மதகில் கிடைத்தார்.

"முகமில்ல டீச்சர். மீன் தின்னுருச்சு. சேலைத் தையலை வச்சுத்தான் கண்டுபுடிச்சேன், நான் அடிச்ச ஓரம்."

பாதை கேட்டு நாலு வருடமாக வழக்கு நடக்கிறதாம். பாதை இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டே நாலு வருடமும் ஓடிவிட்டது. வரைபடத்தை வக்கீலுக்குத் தர முடியுமா என்றார். ஆராய்ச்சி முடியட்டும் என்றேன். அவர் கையைக் கோட்டிலிருந்து எடுத்தார். எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. தருகிறேன் என்றேன்.

19 செப்டம்பர்

ஆச்சரியம். வீரணன் லாட்ஜுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன், பேச்சில் அத்தனை மரியாதை.

"நம்ம ஊரை ஒரு படிச்ச பொம்பளை படமா வரையிறாகன்னு கேள்விப்பட்டேன். பாக்கலாமாம்மா?"

ஒன்றரை மாதமாக ஒருவரும் கேட்காததை ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? தாளை விரித்தேன். ரோம், வெனிஸ், இடுப்பு உயரம், எல்லாம் சொன்னேன். பாதை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அவ்வளவு அசடில்லை நான். அவர் தன் வீட்டைத் தேடினார். பிறகு அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பதினேழில் விரல் கொஞ்சம் நின்றது.

"எழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா," என்றார்.

பழம் நன்றாக இருந்தது.

20 செப்டம்பர்

மழை. பேனா அடைத்துக்கொண்டது. வெந்நீரில் ஊறப் போட்டேன்.

28 செப்டம்பர்

மதுரை போய் வரைபடத்தின் நகலாக அமோனியா பிரிண்ட் ஒன்று எடுத்து வந்து மாரிக்கண்ணுவிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வக்கீலிடம் சேர்ப்பார். பிரிண்டை மடிக்காமல் துணி சுற்றும் உருளையில் சுற்றி, பட்டுத்துணிக்குள் வைத்தார். கல்யாண ஜாக்கெட்டைக்கூட இப்படிப் பொத்தி வைத்து நான் பார்த்ததில்லை.

1 அக்டோபர்

தையல்கடை போய்விட்டது. பட்டப்பகலில், பதினொரு மணிக்கு. எட்டுப் பேர் வந்தார்கள். மாரிக்கண்ணுவை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி மற்றதைக் கொளுத்தினார்கள். தைத்து முடித்த பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது இருந்ததாம். பிரிண்டும் போயிற்று. நான் போனபோது துணி எரிந்த நாற்றம், நடுவில் கத்தரிக்கோல் மட்டும் கறுத்துக் கிடந்தது.

வரைபடம் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தாலுகா ஆபீஸில் நான் புல எண் கேட்கப் போனபோது ஒரு கிளார்க் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனாகத்தான் இருக்கும்.

10 அக்டோபர்

கீழக்குடியில் ஒரு கிழவர் நேற்று இறந்துவிட்டார். வாய்க்கால் நிறையத் தண்ணீர். இனிமேல் தண்ணீரில் இறங்க மாட்டோம், தேரடித் தெரு வழியாகவே போவோம் என்று கிளம்பினார்கள். மாரிக்கண்ணு முன்னால் தீச்சட்டியோடு நடந்தார்.

லாட்ஜ் பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் மாடிகளிலிருந்து கல். பிறகு சோடா பாட்டில். பிறகு இரண்டு பக்கமும் அரிவாளோடு ஆட்கள். தூக்கிய நாலு பேரில் ஒருவருக்கு முதுகில் வெட்டு விழுந்ததும் பாடை கவிழ்ந்தது. கிழவர் தெருவில் உருண்டார், வாய்க்கட்டு அவிழ்ந்து வாய் திறந்துகொண்டது. அவர் மேலேயே ஓடினார்கள். மாரிக்கண்ணு மட்டும் ஓடவில்லை. பிணத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. வெட்டியவன் அடுத்து ஓங்கும்போது போலீஸ் வேன் வந்துவிட்டது.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

11 அக்டோபர்

மூன்று பேர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில். மாரிக்கண்ணு பிழைத்துக்கொள்வார். கிழவரை போலீஸ் காவலோடு பழையபடி வாய்க்கால் வழியாகவே கொண்டுபோனார்கள்.

லாட்ஜில் பாத்திரம் கழுவும் அம்மாள் இன்னொன்று சொன்னார். பதினேழாம் வீட்டு மருமகளும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். போன வாரமே சேர்த்துவிட்டார்களாம். அம்மிக் குழவி கையில் விழுந்துவிட்டதாம்.

"குழவி கையில விழும் டீச்சர். தாடையிலயுமா விழும்?"

எனக்கு என்ன தெரியும்?

இன்று வரைபடத்தில் ஒரு பிழை திருத்தினேன். அட்டவணையில். பிளேடு புதிது, ஐந்து நிமிடம்தான் ஆனது.

அவளேதான் எழுதச் சொன்னாள்.

12 அக்டோபர்

இடது கையால் தாளை அமுக்கிப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணல்.

காலை ஒன்பது மணிக்குக் கதவை உடைத்துக்கொண்டு நாலு பேர். வரைபலகையை ஜன்னல் வழியே எறிந்தார்கள். பச்சை நோட்டைக் கிழித்தார்கள். ஒருவன் கோடு போடும் டீ-ஸ்கொயர் சட்டத்தை எடுத்து என் முன்கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறியும் சத்தம் வெளியே கேட்கும் என்று எனக்குத் தெரியாது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். "எங்கடி படம்?" தாள் மெத்தைக்கு அடியில் தட்டையாக இருந்தது, அதன் மேல்தான் நான் விழுந்து கிடந்தேன். வாயில் ரத்தம். ஒருவன் என் இடுப்பில் மிதித்துவிட்டு, "மதுரைக்காரி, ஓடிப் போயிரு," என்றான்.

இந்தச் சிவப்பு நோட்டு தலையணை உறைக்குள் இருந்ததால் தப்பியது. மாலை பஸ்ஸில் மதுரை.

2 நவம்பர்

மாவுக்கட்டு. தினமும் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். எலும்புப் பிரிவு கீழே, பெண்கள் வார்டு மேலே. இன்று மாடிப்படி வரை போனேன். நாளைக்குப் பார்க்கலாம்.

3 நவம்பர்

போகவில்லை.

19 நவம்பர்

ராக்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாளாம், அம்மா வீட்டுக்கு. இனி ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது. ஒரு வகையில் நிம்மதி என்று எழுதினால் நான் என்ன மனுஷி? ஆனால் நிம்மதிதான்.

ரோமிலிருந்து கொண்டுவந்த பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பெரியவரின் அட்டவணை அப்படியே இருக்கிறது. எண், அகலம், கனம், காலம். அவ்வளவுதான். நாலு பத்தி. 'சொன்னவர்' என்று ஒன்று அதில் இல்லை. ஆய்வேடு கனமாகத் தெரிய வேண்டும் என்று நான் சேர்த்தது அது.

14 டிசம்பர்

மாரிக்கண்ணு வந்தார். வலது தோள் தூக்க முடியவில்லை, இனி மெஷின் மிதிக்கலாம், துணி வெட்ட முடியாது. கோர்ட்டு அளந்து பார்க்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டிருக்கிறதாம். மூல வரைபடத்தோடு நான் வர வேண்டும்.

"வருவீகளா டீச்சர்?"

இந்தக் கையோடு எப்படி என்று ஆரம்பித்தேன். அவர் தோளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

9 ஜனவரி 1999

தேரடித் தெருவில் போலீஸ் வேன் இரண்டு. மாடிகளில் ஆட்கள், சும்மா நின்றார்கள். வீரணன் தன் வாசலில் அதே வெள்ளை வேட்டியில் நின்றார். அம்மியிலிருந்து குழவி விழுந்தது என்று வீட்டில் எல்லோரும் எழுதிக் கொடுத்ததால் அவர் மேல் வழக்கு இல்லை. "வாங்கம்மா, கை தேவலையா?" என்றார். என் கால் பின்னுக்குப் போயிற்று.

மாரிக்கண்ணுதான் டேப் பிடித்தார். இந்த முறை நிலைப்படி தாண்டி, போலீஸ்காரர் ஒருவர் முன்னால் நடக்க. பதினொன்றிலிருந்து இருபத்தொன்று வரை அளப்பதாக ஏற்பாடு. கமிஷனர் வயதானவர், பொறுமையானவர். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டடிச் சுவர், ஒன்பது அடி இரண்டு அங்குலம். ஆறாவது வீட்டிலேயே பேனாவை மூடிவிட்டார்.

"போதும்மா. இதுக்குச் சாட்சியே வேண்டாம், சுவர் சொல்லுது. இந்தச் 'சொன்னவர்' பத்தி எதுக்குப் போட்டீங்க? இதுல பதினேழு மட்டும் சுரண்டியிருக்கே?"

அப்போது நாங்கள் பதினேழாம் வீட்டுக்கு வெளியே, போலீஸ் வேன் மேல் தாளை விரித்து நின்றோம். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, பல்லுக்கிடையில் காற்றுப் போகும் குரல்.

"அங்கன எம் பேரு இருந்துச்சே."

ராக்கம்மாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. வீரணன் வாசல்படியிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தார், இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் நின்றார்.

அவளைத் தனியாக வேனின் மறுபக்கம் கூட்டிப்போனேன். மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பினேன்.

"ராக்கு, வீரணனுக்கு அந்தத் தாளைக் காட்டினது நான்தான். நானே விரிச்சுக் காட்டினேன்."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"கைய அம்மியில வச்சு அடிக்கையில சொல்லிச் சொல்லித்தான் அடிச்சாரு. 'எழுத்து அச்சு மாதிரி இருந்துச்சுடி, எழுத்து அச்சு மாதிரி இருந்துச்சுடி'ன்னு."

வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. நான் முடிக்கும் வரை நின்றாள்.

"ஏன்க்கா அழிச்சீக?"

"உனக்கு ஆபத்து வரக் கூடாதுன்னு" என்று வாய்வரை வந்தது. பொய். "நான் மாட்டிக்கக் கூடாதுன்னு," என்றேன்.

"திருப்பி எழுதுங்க. நான் சொன்னது பொய்யில்லல்ல?"

கமிஷனரிடம் கேட்டேன். தேவையில்லையே என்றார். அவள் நகரவில்லை. சரி, எல்லோர் முன்னாலும் எழுதி, பக்கத்தில் இன்றைய தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள் என்றார். அவளால் பேனா பிடிக்க முடியாது. இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

பெயரை நான் எழுதினேன். சுரண்டிய இடம், மை நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தடித்து, பதினாறாம் வரிக்குள்ளும் பதினெட்டாம் வரிக்குள்ளும் பரவியது. பக்கத்து மாடியிலிருந்து பார்த்தாலும் படிக்கலாம். ராக்கம்மாள் குனிந்து எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். அச்சு மாதிரி இல்லை.